சும்மாக்கா விலை கேட்ட தெரு

விலை கேட்டுவிட்டு வாங்காமல் போகிறவர்கள் உலகத்தில் ஏராளம். ஆனால் அதற்கென்றே மாதச் சம்பளம் வாங்கியவள் நமக்குத் தெரிந்து சும்மாக்கா ஒருத்திதான்.

பெற்றவர்கள் அவளுக்கு வைத்த பெயர் வேறு. கடைத்தெருவில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் எல்லாரும் கையை விரிப்பார்கள். வேலையில் சேர்ந்த முதல் நாள், "என்னம்மா வேணும்?" என்று கேட்ட கடைக்காரரிடம் நாக்கு ஒட்டிக்கொண்டு, "சும்மா பாக்கலாம்னு வந்தேன்" என்றாள். அடுத்த கடையிலும் அதே சும்மா. ஏழு கடையிலும் அதே சும்மா. சாயங்காலம் ஏழு கடைக்காரர்களும் டீ குடிக்கக் கூடியபோது குட்டு வெளிப்பட்டுவிட்டது. மூன்றாம் நாளிலிருந்து அவள் சும்மாக்கா.

தெருமுனையில் நாலு மாடிக்கு நின்றது பெரிய கடை. டிவி ஒரு மாடி, ஃபிரிட்ஜ் ஒரு மாடி, மற்றதெல்லாம் மீதி மாடிகளில். வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை: 'வேறு எங்காவது குறைந்த விலைக்குக் கிடைத்தால் சொல்லுங்கள். அதற்கும் கீழே தருகிறோம்.' வாடிக்கையாளர் வந்து சொல்லும் வரை காத்திருக்க முடியுமா? அதற்குத்தான் சும்மாக்கா. தெருவில் இருந்த ஏழு சின்னக் கடைகளையும் காலையில் ஏறி இறங்கி, முப்பது சாமான்களின் விலையைக் கேட்டு, மேனேஜர் கொடுத்த தாளில் இடது பக்கம் எழுதிக்கொண்டு வர வேண்டும். மேனேஜர் வலது பக்கத்தில் பெரிய கடையின் புது விலையை எழுதுவார். பெரிய சாமான் எல்லாம் இடது பக்கத்தைவிட நூறு குறைவு, சின்னச் சாமான் பத்து குறைவு. மத்தியானத்துக்குள் நாலு மாடியிலும் விலைச்சீட்டுகள் மாறிவிடும். அரை நாள் வேலை, அரைச் சம்பளம்.

அப்போதிருந்த மேனேஜர் துப்பறியும் கதைகள் அதிகம் படித்தவர் போலிருக்கிறது. "தினமும் வேற வேற ஆள் மாதிரி போங்க" என்றார். சும்மாக்காவும் ஒரு நாள் கூலிங் கிளாஸ் போட்டுப் போனாள். ஒரு நாள் குடும்பஸ்திரீயாகத் தெரிய வேண்டும் என்று பக்கத்து வீட்டுக் குழந்தையை இரவல் வாங்கிக்கொண்டு போனாள். வாஷிங் மெஷின் விலையைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அந்தக் குழந்தை கடைக்காரரைப் பார்த்து, "இது எங்கம்மா இல்ல" என்றது. அத்தோடு வேஷம் கட்டுவதை விட்டாள்.

வேஷம் கலைந்த பிறகுதான் வேலை சுலபமாயிற்று. கடைக்காரர்கள் அவளிடம் எதையும் மறைக்கவில்லை. மறைத்தால் வேறு யாரையாவது அனுப்பப் போகிறார்கள், இவளாவது தெரிந்த முகம் என்று விட்டுவிட்டார்கள். "பாவம், அவ வயித்துப் பிழைப்பு" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார்கள். ஃபேன் கடைக்காரர் 'வாங்க' என்பதற்கு முன்னாலேயே விலையைச் சொல்லிவிடுவார். தன் கடைக்குக் குழி தோண்டுகிறவளுக்கு டீ வாங்கிக் கொடுத்த மனிதர்கள் அவர்கள். சும்மாக்காவும் கூச்சப்படாமல் குடித்தாள். அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டில் யாரும் அவளை 'உட்காருங்க' என்று சொன்னதில்லை.

இரண்டாவது வருஷம் ஃபேன் கடை மூடியது. "நான் வாங்குற விலைக்கும் கீழ அவன் விக்கிறான். அவன் வீட்டு மரத்துல ஃபேன் காய்க்குதா?" என்று ஃபேன் கடைக்காரர் கடைசி நாள் வரை கேட்டுக்கொண்டிருந்தார். மரத்தில் காய்க்கவில்லை. நாலு மாடிக்காரன் ஒரு சாமானில் நஷ்டப்பட்டாலும் மற்ற மூன்று மாடியில் எடுத்துவிடுவான். ஃபேன் மட்டுமே விற்கிறவன் எங்கே போய் எடுப்பான்? அதோடு, "புது மாடலைச் சின்னக் கடைக்குக் கொடுத்தீங்கன்னா எங்க மாடியில உங்களுக்கு இடம் கிடையாது" என்று கம்பெனிக்காரர்களிடம் பெரிய கடை சொல்லிவைத்திருந்ததாகவும் பேச்சு.

மறுநாள் சும்மாக்கா தாளில் ஃபேன் கடைக்கு நேரே ஒரு கோடு போட்டாள். எட்டாம் நாள் வலது பக்கத்தில் ஃபேன் விலை அறுபது ஏறியது. மாதம் முடிவதற்குள் இருநூறு. தாள் அவள் கையில் இருந்ததால் அவள் கண்ணில் பட்டது. தெருவில் போகிறவருக்கு எப்படித் தெரியும்? பலகை அதே பலகைதான். குறைந்த விலைக்குக் கொடுக்கிற வேறு ஃபேன் கடைதான் இல்லை.

பிறகு டிவி கடை. பிறகு அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து நடத்திய கடை. அவர்கள் கடையை மூடுவதற்கு முன்பே பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு, ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னால் ஒரு விலையேற்றம். மூன்று மணி நேரம் நடந்த தெருவை அவள் முக்கால் மணியில் முடித்துவிட்டு வரலானாள்.

அவள் புருஷன் ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போட்டு நீரேற்றுகிறவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் சுருக்கென்று இருக்கும். ஒருநாள் அவள், "இன்னைக்கும் ஒரு கடை மூடிட்டாங்க. வேலை கொஞ்சம்தான்" என்று சந்தோஷமாகச் சொன்னபோது தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "நுனிமரத்துல உக்காந்து அடிமரத்த வெட்டுறவங்களப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன். கூடவே குடித்தனம் பண்ணுவேன்னு நெனைக்கல."

"என்னங்க சொல்றீங்க?"

"கடைசிக் கடையும் மூடிட்டா நீ எங்க போய் விலை கேப்ப?"

சும்மாக்கா கணக்குப் போட்டுப் பார்த்தது அன்றுதான். மகள் நர்சிங் படிப்பில் அப்போதுதான் சேர்ந்திருந்தாள். அவளுடைய விடுதிக்கும் பஸ்ஸுக்கும் போவது இந்த அரைச் சம்பளம்தான்.

ஐந்தாவது வருஷம் தெருவில் மிஞ்சியது ஒரே ஒரு சின்னக் கடை. அதன் உரிமையாளர் ஸ்டெபிலைசர் அண்ணன். யார் எதை வாங்கினாலும், "அப்படியே ஒரு ஸ்டெபிலைசரும் போட்டுக்குங்க, கரண்ட்ட நம்ப முடியாது" என்பார். டார்ச் லைட் வாங்க வந்தவரிடமும் சொன்னதாகக் கேள்வி. சும்மாக்காவைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் அவருக்கும் அவள் அக்காதான்.

அவர் கடையில் விலைச்சீட்டு கிடையாது. ஒட்டினால் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்களாம். வாயால்தான் சொல்வார், எல்லாருக்கும் ஒரே விலை. அவளிடமும் அதே விலை. "கொஞ்சம் ஏத்திச் சொல்லுங்களேன் அண்ணே, அவங்களும் இவ்வளவு இறக்க மாட்டாங்கல்ல" என்று அவளே ஒருமுறை ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள். மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. "எதுக்கு? நாளைக்கு நீங்க போய் அவரு கடையில விலை ஜாஸ்தின்னு ஊரெல்லாம் சொல்றதுக்கா? என் விலை என் விலைதான்." கடை போனாலும் போகட்டும், விலை நல்ல விலை என்ற பெயர் போகக் கூடாது அவருக்கு. பிழைக்கத் தெரியாத மனிதர் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அந்த வருஷ மழையில்தான் அந்தத் தப்பு நடந்தது. தெருவில் முழங்கால் தண்ணீர். சும்மாக்கா பெரிய கடையின் படிக்கட்டிலேயே உட்கார்ந்து, முந்தின நாள் தாளைப் பார்த்து விலைகளைப் போட்டாள். அவசரத்தில் ஃபிரிட்ஜுக்கு நேரே ஒரு வரிசை தள்ளிப் பெரிய ஃபிரிட்ஜின் விலையை எழுதிவிட்டாள். நிஜ விலையைவிட முன்னூறு அதிகம். மழை பெய்த அந்த வாரம் முழுவதும் அதையே பார்த்து எழுதினாள். மேனேஜர் அதில் நூறு குறைத்து வலது பக்கம் எழுதினார். ஆக, அந்த வாரம் பெரிய கடையில் ஃபிரிட்ஜ், ஸ்டெபிலைசர் அண்ணன் கடையைவிட இருநூறு அதிகம்.

மழை விட்டபின் அவள் போனபோது அவர் வாசலிலேயே நின்றிருந்தார். "சும்மாக்கா, ரெண்டு ஃபிரிட்ஜு போயிடுச்சு! ஒரே வாரத்துல ரெண்டு!" என்று கையைத் தேய்த்துக்கொண்டார். டீயோடு பிஸ்கட்டும் வந்தது. சும்மாக்கா பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு தாளைப் பார்த்தாள். அப்போதுதான் தப்பு புரிந்தது. அதன் பலனும் புரிந்தது.

அதே வாரம் புது மேனேஜர் வந்து சேர்ந்தார். மகன் வயதிருக்கும், நல்ல பையன்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். "என்னக்கா, இன்னும் ஒரு கடைதான் பாக்கி போல. அப்புறம் உங்களுக்கு ரெஸ்ட்தான்" என்று சிரித்தார். அந்த ரெஸ்ட் எப்படிப்பட்ட ரெஸ்ட் என்பது சும்மாக்காவுக்குத் தெரியும். மகளுக்கு இன்னும் இரண்டு வருஷம் படிப்பு இருந்தது.

மறுநாளிலிருந்து கை தானாகக் கூட்டி எழுதியது. ஃபிரிட்ஜுக்கு முன்னூறு, வாஷிங் மெஷினுக்கு இருநூற்றைம்பது, டிவிக்கு நானூறு. மனசாட்சி உறுத்தினால் டார்ச் லைட்டை மட்டும் நிஜ விலைக்கு எழுதினாள். பதினாலு மாதம் இப்படிப் போயிற்று. பெரிய கடையில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சும்மாக்கா எழுதினால் அது வேதவாக்கு.

ஸ்டெபிலைசர் அண்ணனைத்தான் கையில் பிடிக்க முடியவில்லை. வியாபாரம் நிமிர்ந்ததற்குத் தன் சாமர்த்தியமே காரணம் என்று முடிவு கட்டிவிட்டார். மினுக்மினுக்கென்று எரிகிற புதுப் போர்டு வைத்தார். சாயம் பூசிய மீசையைத் தடவிக்கொண்டு அவளுக்குப் பாடம் நடத்தினார். "வியாபாரம்ங்கிறது முகராசி சும்மாக்கா. நாலு மாடி கட்டிட்டா ஆச்சா? அவன் என்னப் பாத்துப் பயந்துட்டான், அதான் எறக்க மாட்டேங்குறான்." சும்மாக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு, "ஆமாண்ணே, முகராசிதான்" என்பாள்.

தைரியம் ஏறிய மனிதர் சும்மா இருப்பாரா? கடையை மூடிய ஆறு கடைக்காரர்களையும் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கி, வியாபாரப் போட்டியில் அநியாயம் நடந்தால் விசாரிக்கிற போட்டி ஆணையத்துக்கு மூன்று பக்கத்தில் ஒரு புகார் தட்டிவிட்டார். பெரிய கடை நஷ்டத்துக்கு விற்றுச் சின்னவர்களை விரட்டுகிறது, விரட்டிய பிறகு விலையை ஏற்றுகிறது, கம்பெனிகளை மிரட்டிச் சரக்கை மறிக்கிறது, இதற்கு ஒரு கடிவாளம் வேண்டும் என்று எழுதியிருந்தார். விசாரிக்க ஓர் அதிகாரியம்மா வந்து இறங்கினார்.

மேனேஜர் கலங்கவில்லை. "மடியில கனமில்ல, வழியில பயமில்ல" என்று ஆறு வருஷத்துத் தாள்களையும் நீல அட்டை போட்டுத் தைத்து அடுக்கினார். அவர் புரட்டிப் பார்த்தது தன் காலத்துத் தாள்களை மட்டும்தான். அதில் ஒரு நாள் பாக்கியில்லாமல் சின்னக் கடை விலை அதிகம், பெரிய கடை விலை குறைவு. வேறென்ன வேண்டும்? சும்மாக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "நேர்ல கேட்டு எழுதினதுதான்னு ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா, போதும். அடுத்த மாசத்துலேருந்து உங்களுக்கு பில் கவுண்டர்ல முழு நாள் வேலை. அந்தக் கடை இருந்தாலும் இல்லாட்டியும் உங்க வேலை நிக்கும்."

முழு நாள், முழுச் சம்பளம். மகளின் படிப்பு முடிகிற வரை கவலையில்லை. ஒரே ஒரு 'ஆமா'. வீட்டில் சொன்னபோது புருஷன், மோட்டார் போட நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டார்.

விசாரணை ஓர் அரசாங்க அலுவலகத்தின் மூன்றாவது மாடி அறையில் நடந்தது. நீள மேசைக்கு ஒருபுறம் மேனேஜரும் சும்மாக்காவும்; எதிரே ஸ்டெபிலைசர் அண்ணன், இஸ்திரி போட்ட சட்டையில், மாப்பிள்ளை தோரணையில். அதிகாரியம்மா கடைசி நீல அட்டையைத் திறந்து வைத்திருந்தார்.

"பதினாலு மாசமா தினமும் உங்க விலை அவங்க விலையைவிட நூறு அதிகமா இருக்கு. அவங்களும் வாங்கின விலைக்கு மேலதான் வித்திருக்காங்க. அப்புறம் என்ன புகார்?" என்று அண்ணனைக் கேட்டார்.

"என் விலை அதிகமா? ஃபிரிட்ஜுக்கு இந்த விலையா?" அண்ணன் தாளை இழுத்துப் பார்த்தார். மீசை தொங்கிவிட்டது. "இத யாரு எழுதினது?"

"இவங்க" என்று மேனேஜர் சும்மாக்காவைக் காட்டினார்.

அண்ணன் அவளைப் பார்த்தார். அவள் மேசையைப் பார்த்தாள். பொய்க்காரி என்று சொல்லப்போகிறார், சொன்னால் நல்லது, கோபத்தில் நானும் 'ஆமா' சொல்லிவிடலாம் என்று காத்திருந்தாள். ஆனால் அவர் தாளை மெதுவாகத் திருப்பி வைத்தார்.

"அக்கா எழுதினா சரியாத்தாங்க இருக்கும். ஆறு வருஷமா வர்றாங்க, ஒரு நாள் தப்பா எழுதினதில்ல. நான்தான் எங்கயோ கூட்டிச் சொல்லியிருக்கேன் போல. வயசாகுது. பில் புக்கப் பாத்தாத்தான் தெரியும்."

தன் விலையை ஒரு பைசா விட்டுக்கொடுக்காத மனிதர், அவள் எழுத்துக்கு எதிரே தன் வாயையே நம்பாமல் உட்கார்ந்திருந்தார். அவமானத்தில் அவளுக்குக் காது சுட்டது.

"நீங்க சொல்லுங்க. நேர்ல கேட்டு எழுதினதுதானே?" என்றார் அதிகாரியம்மா.

"கேட்டது நேர்லதான் மேடம். எழுதினதுதான் வேற" என்றாள் சும்மாக்கா. "முதல்ல உள்ள தாளெல்லாம் நிஜம். கடைசி பதினாலு மாசம் நான் கூட்டி எழுதினது. ஃபிரிட்ஜுக்கு முன்னூறு, வாஷிங் மெஷினுக்கு எரநூத்தம்பது, டிவிக்கு நானூறு. இவரு ஒரு நாளும் ஏத்திச் சொன்னதில்ல. டார்ச் லைட்டு மட்டும் சரியா இருக்கும்."

மேனேஜர் எழுந்தே விட்டார். "அக்கா!"

"எதுக்கு அப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டார் அதிகாரியம்மா.

"இந்தக் கடையும் மூடிட்டா எனக்கு வேலை இல்லையே மேடம்."

"அது மூடிடும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மத்த ஆறும் மூடினத எழுதினது நான்தானே." அவள் நீல அட்டைகளைப் பார்த்தாள், திறக்கச் சொல்லவில்லை. அவளுக்கே மனப்பாடம். ஃபேன் கடை மூடின எட்டாம் நாள் அறுபது ஏறியது, மாதத்துக்குள் இருநூறு. டிவி கடைக்குப் பிறகு இரண்டே வாரம், ஸ்டெபிலைசர் அண்ணன் கடையில் இல்லாத பெரிய டிவிக்கு ஆயிரத்து நூறு. அண்ணன் தம்பி கடை மூடின மறுநாளே இஸ்திரிப் பெட்டி ஏறியது, ஒரு வாரம்கூடப் பொறுக்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிப்பது போல அவள் சொல்லச் சொல்ல, அதிகாரியம்மா முதல் அட்டையை எடுத்துப் பக்கம் பக்கமாகச் சரிபார்த்துக்கொண்டே வந்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"மேடம், அந்த ஃபைல நாங்க வாபஸ் வாங்கிக்கிறோம்" என்றார் மேனேஜர்.

"நீங்களா அட்டை போட்டுக் கொண்டுவந்து கொடுத்தது. கொடுத்தது கொடுத்ததுதான்."

ஸ்டெபிலைசர் அண்ணனுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கி முடிந்தது. "அப்போ... அந்த மழைக்கால வியாபாரம்?" என்றார் பொதுவாக.

அதிகாரியம்மா பேனாவை எடுத்தார். "கடைசியா ஒண்ணு. நீங்க கூட்டி எழுதாம இருந்து, இந்தக் கடையும் மூடியிருந்தா, விலை எவ்வளவு ஏறியிருக்கும்?"

சும்மாக்கா யோசித்தாள். ஆறு வருஷத்தில் ஒரு விலை கேட்டு அவளுக்குத் தெரியாமல் போனது அதுதான் முதல்முறை. "தெரியாதுங்க மேடம். அத எழுத அன்னைக்கு நான் இருந்திருக்க மாட்டேன்."

அதிகாரியம்மா அதை அப்படியே எழுதிக்கொண்டார். உத்தரவு வர நாளாகும் என்றும், இரண்டு பக்கமும் காத்திருக்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

வராந்தாவிலேயே மேனேஜர் முடித்துவிட்டார். "நாளைக்கு வர வேண்டாம்கா." கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து, "உண்மையச் சொன்னதுக்கு இல்ல. பொய் எழுதினதுக்கு" என்றார். அது நியாயம்தான் என்று அவளுக்கும் பட்டது. கண் கலங்கியதென்னவோ நிஜம்.

படியிறங்கும்போது ஸ்டெபிலைசர் அண்ணன் பின்னால் வந்தார். கீழே பஸ் நிறுத்தத்தில் நின்ற பிறகுதான் ஆரம்பித்தார். "போர்டுக்கு வேற செலவு பண்ணேன். முகராசின்னு உங்ககிட்டயே சொன்னேன். நீங்களும் ஆமாண்ணேன்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்க."

"கூட்டினது நான். ஃபிரிட்ஜ வித்தது நீங்கதானே அண்ணே."

"இனிமே நிஜ விலை தெரிஞ்சுபோச்சு. நாளைக்குக் காலைல எறக்கிடுவான்."

"உத்தரவு வர்ற வரைக்கும் தாங்குவீங்களா?"

"தெரியல." அவர் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, கேட்கக் கூச்சப்படுகிறவர் போலக் குரலைத் தாழ்த்தினார். "நீங்க எல்லாக் கடையும் பாத்தவங்க. பொய் சொல்லாம சொல்லுங்க. என் விலை நல்ல விலைதானே?"

"இந்தத் தெருவுலயே நல்ல விலை அண்ணே."

"தெருவுல இருக்கறதே ரெண்டு கடை" என்றார் அவர் கசப்பாக.

"ஏழு கடை இருந்தப்பவும்" என்றாள் சும்மாக்கா.

அவர் சட்டென்று கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுகிறார் என்பது தெரிந்ததும் அவளுக்கும் அடக்க முடியவில்லை. அவள் போக வேண்டிய பஸ் வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு, அவளை விட்டுவிட்டுப் போயிற்று.